நஷ்டத்திற்கு மன்னிக்கவும்

மாமா இறந்த மூன்றாம் நாள் மாலை அத்தையின் கைபேசியில் ஒரு செய்தி வந்து விழுந்தது. குலசேகரத்தில் அத்தை வீட்டு முற்றத்தில் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கி, வாடகைக் கடைக்காரர் வந்து எண்ணி எடுத்துப் போவதற்காக ஓரமாக வைத்திருந்தார்கள். அத்தைக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து பிடிபடாது. "வாசி மக்களே" என்று என்னிடம் நீட்டினார்.

"உங்கள் நஷ்டத்திற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

அனுப்பியவள் பேத்தியின் தோழி, கனடாக்காரி. இரண்டு வருடங்களுக்கு முன் பேத்தியோடு வந்து இந்த வீட்டில் மூன்று வாரம் தங்கியவள். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் தின்னப் பழகினாள். மாமாவிடம் கட்டன் சாயா, அதாவது பால் விடாத தேநீர், போடக் கற்றுக்கொண்டாள். மாமா இறந்த செய்தி கேட்டதும் தன் மொழியில் மனதில் வந்ததை ஏதோ ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டிருக்கிறாள். அது கக்கியதை அப்படியே அனுப்பிவிட்டாள்.

"இவள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள்?" என்றார் அத்தை. கொஞ்சம் யோசித்தார். "நஷ்டம் என்றால்? ஒக்கியில் போன வாழையையா சொல்கிறாள்?"

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, மாமா பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துப் போட்டிருந்த ஏத்தன் வாழை முழுவதும் சாய்ந்தது. குலை தள்ளி முற்றிக்கொண்டிருந்த வாழை. அந்தக் கடன் தீர நான்கு வருடம் ஆயிற்று. அந்த வீட்டில் நஷ்டம் என்ற சொல்லுக்கு அதற்குப் பிறகு வேறு பொருளே இல்லை.

ஆங்கிலத்தில் 'சாரி ஃபார் யுவர் லாஸ்' என்பார்கள், லாஸ் என்றது மாமாவின் இழப்பை என்று நான் விளக்கிச் சொன்னேன். அத்தை சிரித்துவிட்டார், மூன்று நாளில் முதல் தடவையாக. சிரித்த மூச்சிலேயே அழவும் செய்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை. அந்த மாதிரிச் செயலிகளுக்குத் தமிழ் எழுதிக் கொடுத்த கூலியாட்களில் நானும் ஒருத்தி.

மார்த்தாண்டத்தில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, சொல்லுக்கு இத்தனை பைசா என்ற கணக்கில் ஆங்கிலத்தைத் தமிழாக்குகிறேன். உணவு கொண்டுவரும் செயலி, வங்கியின் குறுஞ்செய்தி, சலவை இயந்திரத்தின் கையேடு, எது வந்தாலும் செய்வேன். ஒரு அட்டவணை வரும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் வெறுமை. யார் யாரிடம் சொல்வது, எந்த இடத்தில் சொல்வது, ஒன்றும் இருக்காது. 'ஓப்பன்' என்று மட்டும் ஒரு கட்டம். கதவைத் திற என்கிறானா, கடை திறந்திருக்கிறது என்கிறானா? 'ரைட்' என்று இன்னொன்று. வலப்பக்கமா, சரியா, உரிமையா? கேட்டு எழுதினால் பதில் வர இரண்டு நாள். கெடு நாளைக் காலை.

இந்தத் தொழிலில் என் முதல் பாவம் 'என்ஜாய்'. சாப்பாடு வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்ததும் திரையில் தோன்ற வேண்டிய ஒற்றைச் சொல் என்பது எனக்குத் தெரியாது. "அனுபவியுங்கள்!" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் தமிழில் அனுபவி என்ற சொல்லைத் தனியாக, ஆச்சரியக்குறியோடு நிறுத்திப் பாருங்கள். "அப்போதே சொன்னேன், கேட்டாயா? அனுபவி!" ஆசையாகப் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கிறவன் தலையில் ஒரு சாபம். எட்டு மாதம் அது அப்படியே இருந்தது. யாரும் புகார் செய்யவில்லை என்பதுதான் இன்னும் வருத்தம். எல்லோரும் செயலியை ஆங்கிலத்தில் வைத்திருந்திருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர் என்று தெரிந்தால் கல்யாண வீட்டில்கூட விடமாட்டார்கள். "நாயும் பூனையுமாக மழை பெய்கிறது என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?" என்பார்கள், ஏதோ பெரிய மடக்குக் கேள்வி போல. இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டத்தில் பிறந்தவளுக்கு மழையைச் சொல்ல நாயும் பூனையும் எதற்கு? கொட்டு கொட்டென்று கொட்டும். சோவென்று பெய்யும். பேய்மழை என்ற ஒரு சொல் போதும். மரபுத்தொடர்கள் பார்க்கத்தான் பயங்காட்டும், தொட்டால் எளிது. எந்த மொழிக்காரனும் அனுபவித்ததைத்தான் உவமையாகச் சொல்லியிருப்பான், நமக்கும் அந்த அனுபவம் இருக்கும். நிலக்கரித் துறைமுகமான நியூகாசிலுக்கே கரி சுமந்து போவது என்று ஆங்கிலேயன் சொன்னால், கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று நம் ஆள் எப்போதோ சொல்லிவிட்டான். நான் சொந்தமாகச் சொல்வதென்றால், பூச்சந்தை நடக்கிற தோவாளைக்குப் பூ கொண்டு போவது என்பேன்.

சிக்கல் வருவது, உவமையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வரும்போது. வெள்ளை யானையை எடுத்துக்கொள்ளுங்கள். சயாம் அரசர், தனக்குப் பிடிக்காத பிரபுவுக்கு ஒரு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுப்பாராம். அரசர் கொடுத்தது, விற்கவும் முடியாது, வேலை வாங்கவும் முடியாது. தீனி போட்டே அந்த ஆள் ஓட்டாண்டியாவான். இந்தக் கதையிலிருந்துதான் ஆங்கிலத்துக்கு அந்தத் தொடர் வந்தது. இப்போது நம் நாளிதழ்களிலும் "அந்தத் திட்டம் ஒரு வெள்ளை யானை" என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் அது எப்படிக் கேட்கும்? சுசீந்திரத்துத் தலபுராணத்தில் வெள்ளை யானை என்றால் இந்திரனின் ஐராவதம். தன் கொம்பால் நிலத்தைக் கீறித் தண்ணீர் கொண்டுவந்தது. கோடு என்றால் யானைக் கொம்பு, அதனால்தான் கோட்டாறு என்று பெயர் வந்தது என்று கதை சொல்வார்கள். ஆற்றையே கொண்டுவந்த யானையை, பணத்தை விழுங்கும் திட்டத்துக்கு உவமை சொன்னால் ஐராவதம் என்ன நினைக்கும்? இத்தனைக்கும் தமிழில் "யானையைக் கட்டித் தீனி போடுவது" என்று அதே பொருளில், வெள்ளையடிக்காமலே ஒரு யானை நிற்கிறது.

முதலைக் கண்ணீரும் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டது. நமக்கு நீலிக் கண்ணீர் இருந்தது. வடக்கே பழையனூர் நீலி. எங்களுக்குக் கள்ளியங்காட்டு நீலி, நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காடு. கள்ளிக் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒருவனைக் காட்டி, "இவர் என் புருஷன், என்னைக் கைவிடுகிறார்" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அழுவாள். அவர்கள் நம்பி அவனை அவளோடு அனுப்பிவைப்பார்கள். வில்லுப்பாட்டில் அந்த அழுகையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், பொய்யழுகை என்று அறிந்த நமக்கே கண் கலங்கும். முதலைக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டா? இரையை விழுங்கும்போது அதற்குக் கண்ணில் நீர் வருகிறது, அவ்வளவுதான். ஆனாலும் என் பிள்ளைகளின் பாடப்புத்தகத் தமிழுக்கு முதலையைத்தான் தெரியும்.

எல்லா இரவலும் கெட்டது என்று சொல்லமாட்டேன். தேனிலவு நன்றாகத்தான் இருக்கிறது. மலையாளத்தில் அதையே மதுவிது என்று வைத்துக்கொண்டார்கள். அதுவும் அழகு.

கடன் வாங்கத் தெரிந்த ஒருவர் எங்கள் தேரூரிலேயே பிறந்திருக்கிறார். உமர் கய்யாமின் பாரசீகப் பாடல்களை ஃபிட்ஸ்ஜெரால்ட் 1859-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்த ஆங்கிலத்திலிருந்து கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமிழுக்குக் கொண்டுவந்தார். மரக்கிளையின் கீழே ஒரு கவிதைப் புத்தகம், ஒரு குடுவை மது, ஒரு ரொட்டி, பாடுவதற்கு நீ என்று போகிறது ஆங்கிலம். கவிமணியிடம் "கையில் கம்பன் கவியுண்டு" என்று வருகிறது. வெறும் கவிதைப் புத்தகம் கம்பன் ஆகிவிட்டது. தென்றல் ஒன்று புதிதாக வீசுகிறது. ரொட்டியைக் காணோம். நான் இப்படிச் செய்திருந்தால் தரம் பார்க்கிறவர் சிவப்பு மையில் இரண்டு பிழை குறித்திருப்பார்: கம்பன், மூலத்தில் இல்லாதது, ரொட்டி, விடுபட்டது. கூலியில் பிடித்தம் வேறு.

இரண்டு மொழிக்கு நடுவே நிற்பது எனக்குத் தொழிலால் வந்த பழக்கம் இல்லை. சங்கப் பாட்டில் 'மொழிபெயர் தேயம்' என்று வருகிறது, வேங்கடத்துக்கு அப்பால் மொழி வேறாகிவிடும் நாடு. பெயர்தல் என்றால் இடம்விட்டு நகர்தல். எங்களுக்கு வேங்கடம் வரை போக வேண்டாம். கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை போதும். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர் கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தாலுகாக்கள் ஒரே நாளில் பெயர்ந்தன, சொற்கள் அப்படிப் பெயரவில்லை. மதுரையில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் இரவு, "குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் வேண்டும்" என்று கேட்டேன். விடுதியே சிரித்தது. அதற்குப் பிறகு மூன்று வருடமும் என் பெயர் வெள்ளம்தான். விளி என்ற சொல்லும் அப்படி. இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமையாக மட்டும் மற்றவர்கள் படித்ததை நாங்கள் வீட்டில் நாள் முழுவதும் புழங்கினோம். "அப்பாவைச் சாப்பிட விளி" என்பார் அம்மா.

அதனால் ஒரு சொல்லைப் பார்த்தால், இதை யார் வாய் சொல்கிறது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அட்டவணையில் அதற்குப் பதில் இருக்காது. பெரிய சொற்களுக்கு அது இல்லாமலும் ஓட்டிவிடலாம். அரசியலமைப்பு, நீரழுத்தம், வட்டி விகிதம் எல்லாம் யார் சொன்னாலும் ஒன்றுதான். உயிரை எடுப்பது சின்னச் சொற்கள்.

'ப்ளீஸ்' வரும் இடத்தில் எல்லாம் 'தயவுசெய்து' போடச் சொல்கிறார்கள். போடுகிறேன். "தயவுசெய்து காத்திருக்கவும்", "தயவுசெய்து கடவுச்சொல்லை உள்ளிடவும்". என் நாற்பத்தாறு வயதில் என் வீட்டில் யாரும் யாரிடமும் தயவுசெய்து என்று சொல்லிக் கேட்டதில்லை. அதற்காக மரியாதை தெரியாதவர்கள் என்று அர்த்தமா? "கொஞ்சம் பிடியேன்", "உள்ளே வாருங்களேன்". வினையின் வாலில் ஒரு 'ஏன்' வந்து ஒட்டிக்கொள்கிறது, அதற்குள் முழு ப்ளீஸும் அடக்கம். இயந்திரம் என்னிடம் "கடவுச்சொல்லைக் கொடுங்களேன்" என்று கேட்டால் நான் உருகிவிடுவேன். ஒருமுறை அப்படி எழுதியும் அனுப்பினேன். 'நடை பொருந்தவில்லை' என்று திரும்பி வந்தது.

'மிஸ்' இன்னொரு தலைவலி. "நான் உன்னை இழக்கிறேன்" என்று எங்கோ பார்த்தேன், தீபாவளி வாழ்த்தில். எங்கள் வீட்டில் இதற்கு 'தேடுகிறது' என்போம். "பிள்ளைக்கு அம்மாவைத் தேடுகிறது போல" என்றால் பிள்ளை எழுந்து போய் எங்கும் தேடவில்லை, சும்மா மூலையில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஏதோ ஒன்று தானாகத் தேடிக்கொண்டிருக்கிறது. 'சிஸ்டர்' வந்தால் அக்காவா தங்கையா என்று கேட்டு எழுதுவேன். "சிஸ்டர் என்றால் சிஸ்டர்தான், இதில் என்ன சந்தேகம்" என்று பதில் வரும். கன்னியாஸ்திரீகளும் நர்சுகளும் வீட்டுக்கு ஒருவர் இருக்கிற எங்கள் பகுதியில், கூடப்பிறந்தவளைத் தவிர மற்ற எல்லோரும் சிஸ்டர் என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவது?

பிறகு 'சாரி'. ஆங்கிலத்தில் அது இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறது. காலை மிதித்தாலும் சாரி, யாராவது செத்தாலும் சாரி. செயலி முதல் வேலையை மட்டும் கற்று வைத்திருந்தது, அதனால்தான் அந்தப் பெண் மாமாவைக் கொன்றவள் போல் மன்னிப்புக் கேட்டாள். சரி, நான் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேன்? 'ஆழ்ந்த இரங்கல்.' அது சுவரொட்டியில் வாழும் தமிழ். குலசேகரம் சந்தியில் மாமாவின் படத்தோடு 'கண்ணீர் அஞ்சலி' தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர்கூட "என் ஆழ்ந்த இரங்கல்" என்று வாயால் சொல்லவில்லை.

அந்த மூன்று நாளும் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எதையும் சொல்லவில்லை. வந்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "எப்படி?" என்று கேட்டார்கள். துக்கம் விசாரிப்பது என்கிறோம், எங்கள் பக்கம் துஷ்டி கேட்பது என்கிறோம். இத்தனை வருடம் மொழியை விற்றுப் பிழைத்தும், அந்த வினைச்சொல்லை நான் கவனித்ததே இல்லை. கேட்பது. அத்தை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். விடியக்காலம் ஐந்து மணி. நெஞ்சில் ஏதோ வாயு மாதிரி இருக்கிறது, ஒரு கட்டன் தா என்றார். அடுப்பில் வெள்ளம் வைத்தேன். திரும்பி வந்து விளித்தேன். நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு துணுக்கு கூடியது. மூன்றாம் நாள் சொன்னபோது, அன்று முற்றத்தில் கோழி கூவியதும் அதில் வந்துவிட்டது.

இங்கே சவேரியாரை, அதாவது பாதிரியார் பிரான்சிஸ் சேவியரை, பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குச் சாதி மதம் பார்க்காமல் போகிற ஊர் எங்களுடையது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவருக்குத் தமிழ் தெரியாது, அவருடைய தாய்மொழி பாஸ்க். தமிழும் போர்ச்சுகீசியமும் தெரிந்த உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்து ஜெபங்களை மொழிபெயர்க்க வைத்தார், அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு கரையோரமாக நடந்தார். 1544-இல் தம் தோழர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று நுழைந்துவிட்டது, மாற்றிவிடுங்கள் என்று. மீன்பிடி கிராமங்களில் சனங்கள் அதுவரை, கடவுளை விசுவசிக்கிறேன் என்பதற்குப் பதில் கடவுள் வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தரம் பார்க்கிறவர் என்ற முறையில் சவேரியார் செய்தது சரிதான். ஆனால் அந்தப் பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளரிடம் எனக்கு ஒரு பட்சம் உண்டு. கட்டுமரத்தில் போனவன் திரும்பி வருவானா என்று கரையில் நிற்கிற பெண்ணுக்கு 'விசுவசிக்கிறேன்' என்பது வாயில் நுழைந்திருக்குமா? 'வேணும்' அவள் சொல். நாம் இன்றும் கோயிலில் போய் நின்று செய்வதற்கு வேண்டுதல் என்றுதானே பெயர்?

அத்தை பதில் எழுதச் சொன்னார். "மக்களே, ஒன்றும் நினைக்காதே என்று எழுது."

எழுதிவிடலாம் என்று கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் நினைக்காதே. வேறு ஊர்க்காரர் காதில் அது சிந்திப்பதை நிறுத்து என்று விழும். அத்தை சொல்வது, மனதில் குறையாக எடுத்துக்கொள்ளாதே, நீ வரமுடியாமல் போனதற்கு வருந்தாதே, இங்கே உன்மேல் யாருக்கும் வருத்தம் இல்லை, எல்லாம் சேர்ந்தது. முன்னால் 'மக்களே' வேறு. ஒற்றைப் பெண்ணைப் பன்மையில் விளிக்கிற செல்லம். போன வருடம் அத்தை யாரையோ விட்டுத் தட்டச்சு செய்து "மக்களே எப்போது வருவாய்" என்று அனுப்பியிருக்கிறார். செயலி அதைப் பொதுமக்களே என்கிற மாதிரி ஆங்கிலமாக்கியிருக்கிறது. பாட்டி ஏன் ஊரைக் கூட்டிப் பேசுகிறார் என்று அந்தப் பெண் பேத்தியிடம் கேட்டாளாம்.

அரை மணி நேரம் எழுதினேன், அழித்தேன். கடைசியில் மக்களேயை மக்களே என்றே ஆங்கில எழுத்தில் போட்டேன். ஒன்றும் நினைக்காதேக்கு மூன்று வாக்கியம் ஆயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். என்ன தோன்றியதோ, விடியக்காலம் ஐந்து மணிக்கு எழுந்து ஒரு கட்டன் கேட்டார், அவ்வளவுதான் என்று நடந்ததையும் இரண்டு வரி சேர்த்தேன். கட்டன் என்பதற்கும் ஆங்கிலம் தேடவில்லை. அது அவளுக்குத் தெரிந்த சொல்.

ராத்திரி பத்து மணிக்குப் பதில் வந்தது. அவளுக்கு அப்போது பகல். அதே செயலியின் தமிழ், ஒரே வரி.

"அவர் அந்தக் கட்டனைக் குடித்தாரா?"

உரக்க வாசித்தேன். படுக்கப் பாய் விரித்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். இந்த மூன்று நாளில் வந்துபோன நாற்பது பேரில் யாரும் கேட்காத கேள்வி. பாயை அப்படியே விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எழுது மக்களே" என்றார். "இல்லை, குடிக்கவில்லை. தேயிலை போட்டு இறக்கி வைத்துவிட்டேன். சீனி டப்பாவின் மூடி இறுகிப்போயிருந்தது, திறக்க வரவில்லை. நான் நின்று அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்…"